வெண்பட்டின் வெள்ளை எது? வாசகர் கேள்விகளும் ஒரு மாணவியின் பதில்களும்

சென்ற இதழில் ‘வெள்ளை’ என்ற தலைப்பில் நாம் வெளியிட்ட பன்னிரண்டு ஒளிப்படங்களைப் பற்றி வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். தறியில் நெய்யப்படும் வெண்பட்டு, சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் உலர்களம், ஏற்காட்டுக் காபிப் பூ ஆகியவை அந்தப் படங்களில் இடம்பெற்றிருந்தன. அவற்றை எடுத்தவர் சேலம் அம்மாப்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, சேலத்திலேயே காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி. அவர் எழுதியனுப்பிய பதில்கள் இவை.

கேள்வி: எத்தனையோ நிறங்கள் இருக்க, பன்னிரண்டு படங்களையும் வெள்ளையிலேயே எடுக்க என்ன காரணம்? – வாசகி, ஆத்தூர்

பதில்: வணக்கம் அம்மா. இது திட்டமிட்டு வந்ததன்று. ஒரு படம் கெட்டுப்போனதிலிருந்து வந்தது. முதலாம் ஆண்டில், உங்கள் வீட்டில் நடக்கும் ஒரு வேலையைப் படமெடுத்து வாருங்கள் என்று எங்கள் ஆசிரியர் சொன்னபோது, நான் வேறெதையும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டின் முன்கட்டில் குழித்தறி இருக்கிறது. தாத்தா உட்கார்ந்து நெய்த அதே குழியில் கால் வைத்து இப்போது அப்பா வெண்பட்டு வேட்டி நெய்கிறார். நாற்பது படங்கள் எடுத்து, அவற்றுள் நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றிய ஒன்றை அச்சிட்டு, பெருமையோடு அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதை வாசலுக்குக் கொண்டுபோய், துணியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இது நான் நெய்தது இல்லையேம்மா, யாரோ நாலு வருஷம் கட்டித் துவைத்த வேட்டி” என்றார்.

அவர் சொன்னது சரி. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்கிறது. தன்மேல் விழும் ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை ஒன்றை வகுப்பில் காட்டுவார்கள். நாம் காணும் காட்சிகளின் சராசரி ஏறத்தாழ அதுதான் என்ற கணக்கிலேயே ஒளிமானி வேலை செய்கிறது. படம் முழுவதும் வெண்பட்டு நிறைந்திருந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று முடிவு செய்து அது ஒளியைக் குறைத்துவிடும், வெண்பட்டு பழந்துணியாகிவிடும். கருங்கல்லை எடுத்தால் இதற்கு நேர்மாறாக அது வெளுத்துப்போகும். வெள்ளைப் பொருளை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியின் அளவை, ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) நாமே கூட்டிவைக்க வேண்டும் என்பது முதல் பருவப் பாடம். நான் அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனாலும் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த துணி சாம்பலாகிப்போனது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் இரண்டு ஸ்டாப்புக்கு மேல் கூட்டி எடுத்தேன். படம் பளீரென்று வந்தது. அப்பா பார்த்துவிட்டு, “இது பாலியெஸ்டர்” என்றார். அதுவும் சரிதான், வெளிச்சம் அளவுக்கு மிஞ்சியதால் இழைகள் எல்லாம் கரைந்து, காகிதத்தைப் போன்ற ஒரே பரப்பாகிவிட்டிருந்தது. அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அலமாரியைத் திறந்து இரண்டு நூல் கழிகளை என் கையில் வைத்தார். ஒன்று கச்சாப் பட்டு: மஞ்சள் ஓடிய நிறம், தொட்டால் வைக்கோல்போல் விறைப்பு. மற்றொன்று சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசை நீக்கிய பட்டு. பட்டுப்புழு இழையைச் சுற்றிப் பூசிவிடும் செரிசின் என்ற பசைதான் கச்சாப் பட்டுக்கு அந்த விறைப்பையும் மங்கலையும் தருகிறது. பசை போகும்போது எடையில் ஏறத்தாழ கால் பங்கு குறைந்துவிடும், மிச்சம் நிற்பதுதான் வெண்மை. “பட்டோட வெள்ளை உள்ளேயிருந்து வரும், சுண்ணாம்பு வெள்ளை மேலேயே நிற்கும்” என்று அப்பா சொன்னதை நான் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். பின்னர் நூலகத்தில் படித்தபோது, பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோண வடிவில் இருப்பதாலும், ஒளி அதற்குள் புகுந்து முறிந்து வெளியேறுவதாலுமே அந்த மினுமினுப்பு உண்டாகிறது என்று தெரிந்தது. அப்பாவுக்கு முக்கோணம் தெரியாது. ஆனால் எந்தக் கோணத்தில் பிடித்தால் பட்டு பேசும் என்று தெரியும்.

எங்கள் தறிக்கு மேலே, ஓட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருக்கிறது. காலையில் வெயில் அதன் வழியாக இறங்கி, ஒரு முழ அகலத்துக்குப் பாவின் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளின்) மேல் விழுந்து, மெல்ல நகர்ந்து, நெசவுச் சீப்பான அச்சைத் தாண்டிப் போய்விடும். அந்த வெயில் விழும் நேரத்தில்தான் அப்பா ஜரிகைக் கரையைச் சரிபார்ப்பார். அறுந்த இழை அந்த நேர்வெளிச்சத்தில் தப்பாமல் தெரியும். எனக்கோ அந்த நேரம் உதவாது: வெளிச்சமும் நிழலும் அளவுக்கு மீறி மோதி, ஜரிகை எரிந்து, பட்டு தட்டையாகிவிடும். வெயில் நகர்ந்து, அந்த ஓட்டிலிருந்து வானத்து வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வழியும் அரை மணி நேரம்தான் என்னுடையது. அப்பா குறை தேடும் வெளிச்சமும் நான் மினுமினுப்பைத் தேடும் வெளிச்சமும் ஒரே ஓட்டிலிருந்து அடுத்தடுத்து வருகின்றன என்பதைக் கண்டுகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு அப்பா ஏற்றுக்கொண்ட முதல் படம்தான் தொகுப்பில் முதலாவதாக உள்ளது. அதை எடுத்த பின்பு சேலத்தைச் சுற்றி எங்கே போனாலும் வெள்ளையே என் கண்ணில் பட்டது: வடக்கே மலையடிவாரத்து மேக்னசைட் மேடுகள், ஜவ்வரிசி காயும் களங்கள், மலைமேல் காபிப் பூ. ஒவ்வொன்றின் முன்னாலும், இது எந்த வெள்ளை என்று அப்பாவின் குரலில் கேட்டுக்கொண்டே எடுத்தேன்.

கேள்வி: மகளே, நானும் ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் உன் தந்தைக்குப் பிறகு அந்தத் தறியில் யார் உட்காரப் போகிறார்கள்? நீ படம் எடுப்பதால் தறி ஓடுமா? – ஓய்வுபெற்ற நெசவாளர், குகை, சேலம்

பதில்: ஐயா, ஓடாது. இதை மழுப்பாமல் சொல்வதுதான் உங்களுக்கு நான் செய்யும் மரியாதை. எனக்குத் தார் (குறுக்கே ஓடும் ஊடை நூலின் சுருள்) சுற்றத் தெரியும். அறுந்த இழையைப் பிணைக்கத் தெரியும். ஆனால் கரை பிசகாமல் ஒரு முழம்கூட என்னால் நெய்ய முடியாது. அண்ணன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்றாலும், குறியீடு வந்து குழியில் உட்கார்ந்து மிதி மிதிப்பதில்லை. ஒரு தொழிலைப் படமெடுத்துவிட்டால் அதைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைக்கும் தவறு எங்கள் துறையில் நிறையவே இருக்கிறது. அந்தத் தவறை நான் செய்யக் கூடாது என்று கவனமாக இருக்கிறேன்.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த ராயக்கோட்டையையும் வேறு சில இடங்களையும் படமெடுத்து 1858-இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் எடுத்த படங்கள் அவை. அந்தக் காகிதத்துக்கு நீண்ட நேரம் ஒளி காட்ட வேண்டியிருந்ததால், அசையாத பாறையும் சுவரும் அழகாகப் பதிந்தன. அசைவது எதுவும் பதியாது. அதே ஆண்டில் சேலத்துத் தெருக்களில், ஊடை நூலைச் சுமந்து தறியில் குறுக்கே பாயும் நாடாக்கள் எத்தனை ஓடியிருக்கும்! விடியற்காலையில் பாவடியில் நூல் பாவை விரித்து, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் சுருட்டிய கைகள் எத்தனை இருந்திருக்கும்! அவற்றில் ஒன்றுகூட அந்தக் காகிதத்துக்கு எட்டியிருக்காது. இன்று பாவடி என்ற சொல் பள்ளியின் பெயரிலும் தெருவின் பெயரிலும் மிஞ்சியிருக்கிறது. அது எதற்கான இடம் என்று என்னோடு படிப்பவர்கள் பலருக்குத் தெரியாது.

அதனால் அழகான படங்களோடு நிற்காமல், அப்பா சொல்லச் சொல்ல ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே எடுத்து, அச்சு, விழுது, மிதி, படமரம், நாடா, தார்க்குச்சி என்று அதனதன் பெயரோடு சேர்த்துவைத்து வருகிறேன். நாடா பறப்பதை ஐந்நூறில் ஒரு நொடியில் நிறுத்தியும் எடுத்திருக்கிறேன், பதினைந்தில் ஒரு நொடியில் கோடாக இழுத்தும் எடுத்திருக்கிறேன். நீங்கள் எழுதிய கடிதத்தில் ‘அந்தக் காலத்துக் கோட்டு வேட்டி’ என்று ஒரு வகையைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கே அதன் கரைக் கணக்கு முழுவதும் நினைவில்லை. நீங்கள் அனுமதித்தால் குறிப்பேட்டோடு நேரில் வந்து கேட்டு எழுதிக்கொள்ள விரும்புகிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் தாத்தா, பாட்டியின் பழைய படங்கள் உள்ளன. 1960களின் கறுப்பு வெள்ளைப் படம் நன்றாக இருக்கிறது. 1980களில் எடுத்த கலர்ப் படமோ சிவந்துபோய்விட்டது. ஏன் இப்படி? எப்படிப் பாதுகாப்பது? – வாசகர், ஓமலூர்

பதில்: உங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் படத்தில் தாத்தாவும் பாட்டியும் வெள்ளியால் ஆனவர்கள். உவமையாகச் சொல்லவில்லை, காகிதத்தின் மேல் உள்ள ஜெலட்டின் படலத்தில், ஒளி பட்ட இடத்திலெல்லாம் நுண்ணிய வெள்ளித் துகள்கள் கறுப்பாகத் தங்கியிருக்கின்றன, அவைதான் உருவம். கலர்ப் படத்தில் வேதிக் கரைசலில் கழுவும்போதே வெள்ளியை நீக்கிவிடுவார்கள். மிஞ்சுவது மூன்று சாயங்கள். சாயம் துணியில் வெளுப்பதுபோலவே படத்திலும் வெளுக்கும். அந்தக் காலத்துத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும்விட விரைவாக மங்கியதால் முகமெல்லாம் சிவந்துவிட்டது.

வெள்ளிக்கும் ஒரு நோய் உண்டு, அது சேலத்துக்காரர்களுக்குப் புதிதன்று. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய கொலுசு காற்றில் உள்ள கந்தகத்தால் கறுப்பதைப்போல, பழைய படத்தின் ஓரங்களிலும் கருமையான பகுதிகளிலும் நீலம் கலந்த கண்ணாடிப் பளபளப்பு ஒன்று ஏறும். சாய்த்துப் பார்த்தால் தெரியும். அதைத் துடைக்க முயலாதீர்கள். கொலுசைத் தேய்ப்பதுபோல் தேய்த்தால் உருவமே போய்விடும்.

எங்கள் வீட்டில் நேர்ந்ததைச் சொன்னால் மற்றவை விளங்கும். தாத்தா, ஆயாவின் திருமணப் படம் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்து, ஆயாவின் புடவைக்கும் உதட்டுக்கும் தூரிகையால் நிறம் தொட்ட படம். தாத்தா காலமான பின் அதைச் சட்டத்தில் போட்டு, கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, நாள்தோறும் பூ சாத்தினோம். பூவின் ஈரம் சட்டத்தின் இடுக்கில் இறங்கி, சில ஆண்டுகளில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. அதைச் சரிசெய்யத் தெரியும் என்று சொன்ன ஒருவரிடம் கொடுத்தோம். அவர் பிரித்து எடுத்தபோது ஆயாவின் இடக்கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. ஆயா அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை மட்டும் தூக்கி எறியாமல் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான் ஒளிப்படம் படிக்க வந்ததற்கு எத்தனையோ காரணங்களைச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கண்ணாடித் துண்டைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆகவே ஐயா, கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துவிடுங்கள். வெயில் நேரே படாத திண்ணையில் படத்தைச் சாய்த்து வைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒருவரைக் கறுப்புப் போர்வையைப் பிடித்து நிற்கச் சொன்னால் கண்ணாடியில் எதிரொளி விழாது. ஒட்டாத படங்களை ஸ்கேன் செய்வதானால் 600 டிபிஐ-க்குக் குறையாமல் செய்யுங்கள். மூலப் படங்களை லேமினேட் செய்யாதீர்கள். பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையும் உள்ள ஆல்பங்களிலிருந்து, படம் வளையாமல் வருமானால் மட்டும், எடுத்து, அமிலமற்ற காகித உறையில் போட்டு, சமையலறைக்கும் குளியலறைக்கும் தொலைவான அலமாரியில் வையுங்கள். சுவரில் மாட்டி மாலை போடுவதற்குப் புதிதாக அச்சிட்ட நகல் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்திலும் நிற்பவர் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று கேட்டு, படத்தின் பின்னால் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறிவிடும்.

கேள்வி: படைப்பாற்றல் பிறவியில் வருவதா, பயிற்சியில் வருவதா? – கல்லூரி மாணவர், ராசிபுரம்

பதில்: தம்பி, எட்டு முழ வெண்பட்டு வேட்டியில் நெசவாளர் தம் விருப்பப்படி கைவைக்கக்கூடிய இடம் கரை மட்டும்தான்; அதுவும் சில விரற்கடை அகலம். மற்றதெல்லாம் வெள்ளை. அந்த ஒடுங்கிய இடத்துக்குள் எங்கள் தாத்தா மயிற்கண்ணையும் கோபுரத்தையும் மாற்றி மாற்றி வைத்து, வாழ்நாள் முழுவதும் சலிக்காமல் நெய்தார். எனக்கு எல்லாச் சுதந்திரமும் இருந்தது. கேமரா இருந்தது, ஊரெல்லாம் சுற்றினேன், ஏரியில் சூரியன் மறைவதை மற்றவர்கள் எடுத்ததுபோலவே எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்போது எங்கள் ஆசிரியர் ஒரு கட்டுப்பாடு விதித்தார்: ஒரே இடம், ஒரே லென்ஸ், நாளுக்கு ஒரு படம், ஒரு மாதம். நான் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். முதல் வாரம் சலித்துப்போயிற்று. இரண்டாம் வாரத்தில், நாடா போய்வரும்போது பட்டின் நுண்தூசி வெயிலில் எழுந்து அமர்வதைக் கண்டேன். அந்தத் தூசி நான் பிறந்ததிலிருந்து அங்கே எழுந்து அமர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பிறவியா, பயிற்சியா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இவ்வளவே: இடத்தைச் சுருக்கிக்கொண்டு அதிலேயே தங்கியிருந்தேன், அதன் பிறகு கண்ணுக்குத் தெரிந்தது.

கேள்வி: எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கைபேசியில் மூடுபனியைப் படமெடுத்தால் அழுக்கடைந்த சுவர் மாதிரி வருகிறது. நீங்கள் எடுத்த காபிப் பூக்கள் அவ்வளவு வெண்மையாக எப்படி வந்தன? – ஆசிரியை, ஏற்காடு

பதில்: வணக்கம் டீச்சர். வெண்பட்டுக்கு நேர்ந்ததே மூடுபனிக்கும் நேர்கிறது. கைபேசியும் அதைச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்கிறது. திரையில் பனியின் மேல் விரலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் ஒரு சிறிய சூரியன் தோன்றும், அதை மேலே தள்ளினால் பனி வெளுக்கும். அதோடு, பனியை மட்டும் எடுத்தால் கண்ணுக்குப் பிடிமானம் இராது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம் ஒன்றை அருகில் கறுப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் அடுத்த மரம் சற்று வெளுத்தும் அதற்கடுத்தது இன்னும் வெளுத்தும் போவதைக் காட்டச் சொல்லுங்கள்.

காபிப் பூவுக்கு நான் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது பாடத்தில் படித்த செய்தி. ஆனால் மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்து எட்டுப் பத்து நாட்களுக்குள் தோட்டம் முழுவதும் ஒன்றாகப் பூத்து, இரண்டு மூன்று நாட்களில் பழுப்பேறி உதிர்ந்துவிடும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல் ஆண்டு நான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேர்ந்தபோது, கிளைகளில் தீக்குச்சி முனைபோல் கருகியவைதான் இருந்தன. தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா என்னைப் பார்த்து இரக்கப்பட்டு என் எண்ணை வாங்கிவைத்துக்கொண்டார். மறு ஆண்டு, “மழை விழுந்துச்சு, மொட்டு வெள்ளையா நிமிர்ந்திருக்கு, நாளன்னைக்கு வா” என்று அவரே கூப்பிட்டார். விடிவதற்குள் போய்விட்டேன். மல்லிகையை ஒத்த மணம் சாலையிலேயே வந்துவிட்டது.

மரநிழலில் பூக்கும் வெள்ளைக்கு ஒரு சிக்கல் உண்டு: அங்கே வருவது பெரும்பாலும் நீல வானத்தின் ஒளி, ஆகையால் பூவும் நீலம் பாரித்துவிடும். வெள்ளையை வெள்ளையாகக் காட்டக் கேமராவில் இருக்கும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பை நிழலுக்கு உரியதாக மாற்றிவைத்தால் நீலம் போகும். நான் முழுவதும் போக்கவில்லை. அந்த மலைக் காலையின் குளிர் அந்த நீலத்தில்தான் இருந்தது.

கேள்வி: சேகோ ஆலைப் பெண்கள் கொளுத்தும் வெயிலில் படும் பாட்டை ‘அழகு’ என்று காட்டுவது சரியா? மனத்தில் பட்டதைக் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். – வாசகர், தலைவாசல்

பதில்: தவறாக எண்ணவில்லை அண்ணா. அந்தப் படங்களைத் தொகுப்பில் சேர்க்கலாமா என்று நான் பல நாள் உறங்காமல் யோசித்தேன். நம் பக்கத்தில், ஜவ்வரிசிக்கு மூலமான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விளையாத ஊர் குறைவு. ஆலைகளுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு 1981-லேயே சேலத்தில் வந்துவிட்டது. ஆயினும் ஜவ்வரிசி காயும் சிமெண்டுக் களத்தில் நண்பகலில் பத்து நிமிடம் நின்றுபார்த்த பின்தான் அந்த வெண்மை கண்ணை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்தது. மேலே வெயில், கீழிருந்து அதே வெயில் திரும்பி முகத்தில் அடிக்கும்.

முதல் முறை போனபோது தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்துக்கொண்டு திரும்பினேன். அந்தப் படங்கள் உண்மையாகவே அழகாக இருந்தன: வெள்ளைப் பரப்பில் சிறு சிறு நிறப் புள்ளிகளாகப் புடவைகள். அவற்றை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுமுறை போய் அவர்களிடமே காட்டினேன். மூத்தவராக இருந்த ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுல நான் யாருன்னு எனக்கே தெரியலையே கண்ணு” என்றார். தொகுப்பிலிருந்து அந்தப் படங்களை எடுத்துவிட்டேன். நீங்கள் இதழில் பார்த்தது, அவர் கேட்டபடி அருகில் நின்று எடுத்தது. பலகையால் ஜவ்வரிசியைக் கிளறிவிடும் அவர் கண்களைச் சுருக்கியிருக்கிறார், முந்தானையை மடித்துத் தலையில் போட்டிருக்கிறார், உள்ளங்கையில் மாவு படிந்த ரேகைகள் தெரிகின்றன. அவர் காயவிட்ட ஜவ்வரிசியின் வரிசை, எங்கள் அப்பாவின் ஊடையைப்போல, பிசகாமல் ஓடுகிறது. அந்த வரிசையைத்தான் நான் அழகு என்றேன். வெயிலை அழகு என்று சொல்லவில்லை. சொல்லியதாகத் தோன்றியிருந்தால் அது என் படத்தின் குறைதான், உங்கள் கண்ணின் குறை அன்று. படத்தின் பிரதியை அவருக்கும் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: என்ன கேமரா பயன்படுத்துகிறீர்கள்? புதிதாகத் தொடங்குபவர் எதை வாங்கலாம்? – வாசகர், மேட்டூர்

பதில்: பழையதாக வாங்கிய ஒரு டிஎஸ்எல்ஆர், 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, நீண்ட லென்ஸ் தேவைப்பட்டால் கல்லூரியில் இரவல் வாங்குவேன். தொடங்குபவர் கையில் இருக்கும் கைபேசியிலேயே ஆறு மாதம் எடுத்துவிட்டு, அது எதைச் செய்ய மறுக்கிறது என்று தெரிந்தபின் வாங்கினால் பணம் வீணாகாது.

கேள்வி: உங்கள் தந்தை இதழைப் பார்த்தாரா? என்ன சொன்னார்? – வாசகி, சங்ககிரி

பதில்: பார்த்தார் அக்கா. இதழ் வந்த அன்று நெசவை நிறுத்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏழாவது படம், படமரத்தில் சுற்றிய வேட்டியின் கரைப்பகுதி. இதழில் முழுப் பக்கத்துக்கு வந்திருந்தது. அதில் வெகுநேரம் நின்றுவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஜரிகை தொடங்கும் இடத்துக்குச் சற்று உள்ளே விரலை வைத்து, “இந்த இடத்தைப் பெருசாக்கிக் காட்டு” என்றார். கணினியில் பெரிதாக்கினேன். பாவில் ஓர் இழை அறுந்து, பக்கத்து இழையோடு சேர்ந்து ஓடியிருந்தது. தலைமுடி அளவுக்கு ஒரு வெற்றுக்கோடு. அந்தப் படத்தை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். எங்கள் ஆசிரியர் பார்த்தார், இதழ் அலுவலகத்தில் பார்த்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

அந்த வேட்டி எப்போதோ நெசவாளர் சங்கத்துக்குப் போய் விற்றும் விட்டிருந்தது. அப்பா அன்று மாலையே சங்கத்துக்குப் போய், வாங்கியவர் யாராவது குறை சொல்லி வந்தால் வேறு வேட்டி தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். இதுவரை யாரும் வரவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வேட்டியையும் அறுத்து மடிப்பதற்கு முன்னால் கரை நெடுக நான் படமெடுத்துத் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைதோறும் எடுக்கிறோம். அவர் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே துணியை விரித்துப் பிடிப்பார். வெயில் நேராக இறங்கும் அவருடைய நேரத்தில்தான்.